விவாத இழை: சூனியக்காரியின் மகள் அரண்மனைக்குப் போனால்… (இளையோர் நாவல் கைப்பிரதி விமர்சனம் – கதை முழுவதும் வெளியாகும்!)

திண்ணைவாசகி எழுதியது:

நீலத்தாள் தன் நாவலின் முதல் வடிவத்தை நம்மில் சிலருக்குப் படிக்கக் கொடுத்திருந்தார். தனிமடலில் ஆளுக்கொன்றாகச் சொல்வதைவிட எல்லோரும் கூடிப் பேசுங்கள் என்று அவரே கேட்டதால் இழையைத் தொடங்குகிறேன். தலைப்பு இன்னும் வைக்கவில்லை. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று எழுதியிருக்கிறார்.

களம் பிரான்ஸ், 1679–80. பதினான்காம் லூயி காலத்தில் பாரிஸையே கலக்கிய நஞ்சு வழக்குதான் பின்னணி. குறி சொல்வது, வசிய மருந்து விற்பது, மருத்துவச்சி வேலை, வேண்டாத கணவனுக்கு 'ஏற்பாடு' செய்வது என்று எல்லாமும் செய்துவந்த லா வுவாசன் என்ற பெண்மணி 1679 மார்ச்சில் கைதாகி, 1680 பிப்ரவரி 22 அன்று கிரேவ் சதுக்கத்தில் எரிக்கப்பட்டார். இது வரலாறு. அவருடைய மகள் மார்கரித் நிஜத்திலும் இருந்தவள். நாவலின் நாயகி அவள்தான்.

நீலத்தாளின் கற்பனை இங்கே தொடங்குகிறது. அம்மாவின் மந்திரம் முழுக்கப் பித்தலாட்டம். மகளுக்கோ நிஜமாகவே ஒரு சக்தி உண்டு. ஒரு பொருளைத் தொட்டால், அதைக் கடைசியாக வைத்திருந்தவர் எதற்கு ஏங்கினார் என்று தெரிந்துவிடும். ராஜாவின் ஆசைநாயகி மோந்தெஸ்பான் சீமாட்டி இதைத் தெரிந்துகொண்டு அவளை அரண்மனைக்கு அழைத்துக்கொள்கிறாள்.

முதல் எட்டு அத்தியாயங்களை எழுந்திருக்காமல் படித்தேன். அதிலும் அந்த மூன்றாம் அத்தியாயம்! குறி கேட்க வந்தவர்கள் தோட்டத்தில் காத்திருக்கிறார்கள், எல்லோரும் முகத்திரை போட்டிருக்கிறார்கள், யார் சீமாட்டி யார் அவளுடைய பணிப்பெண் என்று செருப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் அம்மாவின் அந்தச் சிவப்பு வெல்வெட் அங்கி, பொன்னிழையில் கழுகுகள் நெய்தது, 1,500 லீவ்ர் விலை. அதை மடித்து வைக்கும்போது மார்கரித்தின் விரல் பட்டு, அம்மாவின் ஏக்கம் என்ன என்று அவளுக்குத் தெரிகிற இடம். கடனில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை! அவ்வளவுதான் அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது. இந்த மாதிரி இரண்டு வரி எழுத எனக்கு வராது.

ஆனால் அவள் அரண்மனைக்குள் காலடி வைத்ததும் கதை தளர்ந்துவிடுகிறது. சக்தி கூடிக்கொண்டே போகிறது. கதவு திறக்கிறது, காவலர் மயங்குகிறார்கள், கடைசியில் கண்ணாடி மண்டபத்தில் எல்லாக் கண்ணாடிகளிலும் அரசவையின் ரகசிய ஆசைகள் தெரிந்து, ராஜா தலைகுனிகிறார். படிக்க ஜோராக இருக்கிறது, மறுக்கவில்லை. என் சங்கடம் வேறு.

லா வுவாசன் போன்றவர்களைப் பிடித்து, சித்திரவதைக்கு உட்படுத்தி, எரித்தவர்கள் சொன்ன நியாயங்களில் ஒன்று "இவர்கள் மந்திரத்தால் பிறரைக் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள்" என்பது. நாவலில் மார்கரித் செய்வதும் அதையேதான், அதுவும் வெற்றிகரமாக. அப்படியென்றால் போலீஸ் சரியாகத்தானே சந்தேகப்பட்டது? பலியானவர்களுக்காகப் பேச வந்த கதை, தெரியாமலே தண்டித்தவர்கள் பக்கம் சாட்சி சொல்லிவிடுகிறது. நான் ஒருத்திதான் இப்படிப் படிக்கிறேனா?

—

இரவுவாசகன் எழுதியது:

அக்கா, மூன்றாம் அத்தியாயம் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒரு சலாம். மற்றதற்கு இல்லை.

மாயக்கதை என்றால் மாயம் இருக்க வேண்டும். பதினைந்து வயதில் இந்த மாதிரிப் புத்தகத்தைக் கையில் எடுப்பவர் வழக்கு ஆவணம் படிக்க எடுப்பதில்லை. யாருமே மதிக்காத ஒரு பெண், தங்கச் சரிகை போட்ட ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் எல்லோரையும் வாயடைக்க வைக்கிறாள். அந்த வயதில் அதுதான் வேண்டும். எனக்கு இந்த வயதிலும் அதுதான் வேண்டியிருக்கிறது.

கண்ணாடிக் காட்சியை எடுத்துவிட்டால் இது நல்ல வரலாற்றுப் பாடமாக இருக்கும். பாடம் படிக்க யார் வரிசையில் நிற்கிறார்கள்?

"தண்டித்தவர்களுக்குச் சாட்சி" என்பது கொஞ்சம் அதிகம். கதையில் சக்தி மகளுக்கு. எரிக்கப்பட்டது அம்மா. அம்மாவிடம் ஒன்றுமே இல்லை என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லியாயிற்றே.

—

பழங்கணக்கு எழுதியது:

விமர்சனத்துக்குள் போகும் முன் சில தேதிகள். வரலாற்றுப் புனைவில் தேதியை மாற்றக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றுவதால் என்ன கை நழுவுகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலாவது, 1679-80இல் அரசவை வெர்சாய் அரண்மனையில் நிலையாக இல்லை. அதிகாரபூர்வமாக அங்கே குடிபெயர்ந்தது 1682 மே 6. அதுவரை பெரும்பாலும் சேன் ஜெர்மேன் அரண்மனை. வெர்சாயின் கண்ணாடி மண்டபத்தின் வேலை 1678இல் தொடங்கி 1684இல்தான் முடிந்தது. நாவலின் உச்சக்காட்சி நடக்கிற மாதத்தில் அங்கே சாரம் கட்டிக் கொத்தனார்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இரண்டாவது, மார்கரித்துக்கு அப்போது இருபது வயது தாண்டிவிட்டது. நாவலில் பதினாறு. இது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். அம்மா எரிக்கப்பட்ட பிறகு, 1680 கோடையில், மார்கரித் போலீஸ் தலைவர் லா ரெய்னியிடம் வரிசையாக வாக்குமூலம் கொடுத்தாள். மோந்தெஸ்பான் பெயர் பெரிதாக அடிபட்டதே அப்போதுதான். அம்மா உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரை மாட்டிவிடவில்லை. அந்த வாக்குமூலத்தில் ஒரு சம்பவம் வருகிறது. லா வுவாசன் ஒரு மனுவில் நஞ்சு தடவி, அதை ராஜாவின் கையில் கொடுக்க சேன் ஜெர்மேனுக்குப் போனாளாம். ராஜா குறிப்பிட்ட நாட்களில் மக்களிடம் நேரடியாக மனு வாங்குவது வழக்கம். போனவளால் கூட்டத்தில் கிட்ட நெருங்கவே முடியவில்லை. மனுவைக் கொண்டுபோனபடியே திருப்பி எடுத்துவந்தாள். இன்னொரு முறை போக நினைத்திருந்தாள், அதற்குள் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது பிடித்துவிட்டார்கள்.

இது நடந்ததா, மகள் இட்டுக்கட்டியதா என்று இன்றைக்கும் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. நாவலாசிரியருக்கு அதைப் பற்றி என்ன கவலை? பாரிஸிலேயே பேர்போன சூனியக்காரி, ராஜாவிடம் போய்ச் சேர முடியாமல் வரிசையில் நின்று கால் வலித்துத் திரும்புகிறாள். அரசவை என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக யாராலும் காட்ட முடியாது. இந்தக் காட்சி நாவலில் இல்லை என்பதுதான் என் ஒரே ஆதங்கம்.

—

கறுப்புமை எழுதியது:

பழங்கணக்கு சொன்ன வரிசை விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். அரசவை மாயக்கதைகளில் பொதுவாக எனக்கு ஒவ்வாத இடம் அது. நாயகிக்கு சக்தி இருந்தால் போதும், நேராக அரசர் முன்னால் நிற்பாள். நடுவில் யாரும் கிடையாது. நிஜ அரசவையில் அந்த 'நடுவில்' இருப்பதுதான் எல்லாமே. ராஜா காலையில் எழும்போது சட்டையை எடுத்துக் கொடுக்கும் உரிமைக்குப் பெரிய பெரிய பிரபுக்கள் போட்டி போட்ட இடம் அது. யார் யார் முன்னிலையில் உட்காரலாம், உட்கார்ந்தால் நாற்காலியா முக்காலியா என்பதற்கெல்லாம் சண்டை. மந்திரத்துக்கு அங்கே வாங்க ஆள் கிடைத்ததற்குக் காரணமே அதுதான். குறிகாரியிடம் போன சீமாட்டிகள் கேட்டது உலகை ஆளும் வரம் இல்லை. ராஜா இன்றைக்கு என் பக்கம் திரும்புவாரா, என் கணவர் எப்போது போவார், சீட்டாட்டத்தில் எனக்குக் கைவருமா, இந்த மூன்றும்தான்.

நீலத்தாள் கண்டுபிடித்த சக்தி இதற்கென்றே தைத்த மாதிரி இருக்கிறது. ஏக்கத்தைத் தொட்டு அறிவது! அதை வைத்துக்கொண்டு கதவு திறப்பதும் காவலரை மயக்குவதும் எதற்கு? கதவு திறக்க வேறு நூறு மந்திரக்காரர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. வழக்கில் யார் தப்பினார்கள் என்று பாருங்கள். சுவாசோன் சீமாட்டிக்கு முன்கூட்டியே தகவல் போய், 1680 ஜனவரியில் இரவோடு இரவாக நாட்டை விட்டு ஓடிவிட்டாள். படைத் தளபதியான லக்ஸம்பர்க் பிரபு சில மாதம் பஸ்தீ சிறையில் இருந்துவிட்டு விடுதலை. புய்யோன் சீமாட்டி விசாரணைக்கு உறவும் நட்புமாக ஒரு கூட்டத்தையே அழைத்துக்கொண்டு வந்தாள். சைத்தானைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டபோது, "இதோ பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீதிபதி வேடத்தில் அசிங்கமாக இருக்கிறது" என்ற பொருளில் பதில் சொன்னாள் என்று ஒரு கதை உண்டு. சொன்னாளோ இல்லையோ, சொல்லியிருக்கக்கூடிய இடத்தில் அவள் இருந்தாள். அதையே ஒரு மருந்துக்காரி சொல்லியிருந்தால்? மொத்தம் 36 பேருக்கு மரண தண்டனை. அந்தப் பட்டியலில் இந்த மாதிரிப் பெரிய வீட்டுப் பெயர்களைத் தேடினால் கிடைக்காது.

நாவலில் இந்தப் பக்கம் ஒரே ஒரு பத்தியாக வந்துபோகிறது. கோபம் வர வேண்டிய இடத்தில் ஏன் இவ்வளவு அவசரம்?

—

வால்நட்சத்திரம் எழுதியது:

எல்லோரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். அந்தப் போலீஸ் குமாஸ்தா பையனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசுங்களேன். வாக்குமூலம் எழுதும்போது மை தீர்ந்துபோகாமலே தீர்ந்துபோன மாதிரி நடித்து அவளுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கிறானே! அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தேன்.

அவனை 19ஆம் அத்தியாயத்தில் ஏன் காணாமல் அடித்தீர்கள், நீலத்தாள்? பதில் வேண்டும்.

—

நீலத்தாள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக.

தேதிகள் எனக்குத் தெரியும். தெரிந்துதான் மண்டபத்தை முன்கூட்டியே கட்டி முடித்தேன். கண்ணாடி அந்தக் காலத்தில் எவ்வளவு விலையுயர்ந்த சரக்கு என்று யோசியுங்கள். வெனிஸ்காரர்கள் கையில் இருந்த தொழிலைப் பிரான்சுக்குக் கொண்டுவர ராஜாவின் அமைச்சர் கோல்பேர் அங்கிருந்து ஆட்களையே வரவழைத்தார். ஒரு சாதாரணப் பாரிஸ் பெண் தன் முழு உருவத்தையும் ஒருமுறைகூடப் பார்க்காமலே செத்துப்போகலாம். அப்படிப்பட்டவளை 357 கண்ணாடிகளுக்கு நடுவில் நிறுத்தும் வாய்ப்பை இரண்டு மூன்று வருடக் கணக்குக்காக விட மனம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

வயது: பதினாறு என்பது வாசகர்களுக்காக மட்டும் இல்லை. இருபது தாண்டியவள் என்றால் அம்மாவின் தொழிலில் அவளுக்கும் பங்கு என்ற கேள்வி வரும். எனக்கு, எல்லாவற்றையும் பார்த்த, எதையும் தீர்மானிக்காத ஒரு ஆள் வேண்டியிருந்தது.

திண்ணைவாசகியின் கேள்விதான் தூங்க விடவில்லை. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று நினைக்கிறேன். வழக்கில் எல்லாமே பொய் இல்லையே? ஆர்சனிக் நிஜம். 1676இல் தண்டிக்கப்பட்ட பிரான்வில்யே சீமாட்டி தன் தகப்பனையும் சகோதரர்களையும் நஞ்சு வைத்துக் கொன்றவள். மாரி போஸ் என்ற குறிகாரி ஒரு விருந்தில் குடித்துவிட்டு, "இன்னும் மூன்று பேருக்கு நஞ்சு வைத்தால் போதும், அப்புறம் ஓய்வுதான்" என்கிற மாதிரி உளறியதுதான் லா வுவாசன் வரைக்கும் கொண்டுவந்து விட்டது. பலியானவர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று எழுதினால் அதுவும் பொய்தானே?

குமாஸ்தா: 19இல் அவனுக்கு வேலை இல்லை. வருத்தம்தான்.

—

வால்நட்சத்திரம் எழுதியது:

வேலை இல்லை என்றால் வேலை கொடுங்கள்!!

—

திண்ணைவாசகி எழுதியது:

நீலத்தாள், ஓட்டை என்று நீங்கள் சொன்ன இடத்தில்தான் என் கேள்வியே இருக்கிறது. நஞ்சு நிஜம், மந்திரம் பொய், வாக்குமூலத்தில் பாதி பயத்தில் வந்தது. இந்த மூன்றையும் பிரிக்க முடியாமல் லா ரெய்னியே திணறினார். அந்த மனிதர் எழுதிவைத்த குறிப்புகளில் அந்தத் திணறல் தெரிகிறது என்கிறார்கள். ஒரு நாவலுக்கு இதைவிட வளமான சேறு கிடைக்காது. மந்திரத்தை நிஜமாக்கிக் கதவுகளைத் திறக்கவிட்டதும் சேறு வடிந்து தரை பளபளவென்று ஆகிவிடுகிறது. யார் செய்தார், யார் செய்யவில்லை என்று வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

மந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இரவுவாசகன் தம்பி. மார்கரித்தின் சக்தி நிஜமாகவே இருக்கட்டும். அதனால் என்ன ஆகிறது என்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள். அவள் ஒரு கையுறையைத் தொட்டு, அதன் சொந்தக்காரி உண்மையில் எதற்கு ஏங்குகிறாள் என்று சொல்லிவிடுகிறாள். எந்தச் சீமாட்டிக்கு அது பிடிக்கும்? அம்மாவிடம் வந்தவர்கள் கேட்க விரும்பியதைக் கேட்டுவிட்டுப் போனார்கள், அதனால் வியாபாரம் நடந்தது. நிஜமான வரம் உள்ளவளால் ஒரு காசு சம்பாதிக்க முடியாது. அம்மாவே "வாயை மூடு, வாடிக்கை போய்விடும்" என்று அதட்டுவாள்.

அப்புறம் விசாரணை மேசை. லா ரெய்னி ஒரு மனுவையோ கடிதத்தையோ நீட்டி, இது யாருடையது என்கிறார். தொடுகிறாள். அதைக் கடைசியாக வைத்திருந்தவர் லா ரெய்னியே! அவருடைய ஏக்கம் என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த ஆளுக்கு உண்மை வேண்டுமா, வழக்கு முடிய வேண்டுமா, ராஜாவின் நல்லெண்ணம் வேண்டுமா? எதைச் சொன்னால் தான் பிழைப்போம் என்று அவளால் கணக்குப் போட முடிகிறது. அவள் கொடுக்கிற வாக்குமூலம் உண்மையா, அவர் கேட்க விரும்பியதா? இன்றைக்கு வரலாற்றாசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியை உங்கள் மந்திரமே உருவாக்கிவிடும்.

"எதையும் தீர்மானிக்காத ஆள்" வேண்டும் என்றீர்கள். இங்கே தீர்மானித்தே ஆக வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்.

—

பழங்கணக்கு எழுதியது:

இதற்கு முடிவும் வரலாற்றிலேயே தயாராக இருக்கிறது.

1680 அக்டோபர் 1: மோந்தெஸ்பான் பெயர் முற்றியதும் இந்த வழக்குக்கென்றே அமைத்திருந்த சிறப்பு விசாரணை மன்றத்தை ராஜா நிறுத்திவைத்தார். அடுத்த மே மாதம் மறுபடி தொடங்கியது, ஆனால் அவள் பெயர் வரக்கூடிய எதுவும் மன்றத்துக்குப் போகக்கூடாது என்ற ஏற்பாட்டோடு. 1682 ஜூலையில் ஒரேயடியாக மூடினார்கள். அவள் பெயரைச் சொன்னவர்களை விசாரித்தால் பேசுவார்கள், விட்டாலும் பேசுவார்கள். ஆகவே வழக்கே நடத்தாமல், அரச முத்திரைக் கடிதம் ஒன்றில் ஆயுளுக்கும் கோட்டைகளில் அடைத்தார்கள். மார்கரித் போனது பெல் ஈல் தீவு. அதே வழக்கில் சிக்கிய பாதிரியார் கிபூர் போனது பெசான்சோன் கோட்டை. அங்கே சங்கிலியில் கட்டி வைத்தார்கள். அவர்கள் அந்தச் சீமாட்டியைப் பற்றி ஏதாவது கத்தினால் கசையடி என்று அமைச்சர் லூவுவா எழுதி அனுப்பியிருக்கிறார்.

அதே 1682 ஜூலையில் ஒரு அரசாணை. குறிகாரர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். நஞ்சு விற்பவர்கள் யாருக்கு விற்றோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். மந்திரத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், அப்படி ஒன்று உண்மையில் இருப்பதாகவே அந்த ஆணை ஒத்துக்கொள்வதில்லை. மந்திரம் என்று பாசாங்கு செய்து ஏமாற்றுவதுதான் குற்றம். சூனியக்காரியை எரித்த அரசு, எரித்து இரண்டு வருடத்தில், சூனியமே கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டது.

நிஜமாகவே வரம் உள்ள ஒரு பெண் அந்தத் தீவில் உட்கார்ந்து இதைக் கேள்விப்பட்டால் எப்படி இருக்கும்? சட்டப்படி அவளிடம் எதுவும் இல்லை. அப்புறம் ஏன் உள்ளே வைத்திருக்கிறார்கள்? கண்ணாடி மண்டபத்தைவிட எனக்கு இது பெரிய உச்சக்காட்சி.

—

இரவுவாசகன் எழுதியது:

அய்யோ. பதினைந்து வயதுப் பிள்ளை ராத்திரி ஒரு மணிக்கு இந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு எப்படித் தூங்குவது? ஆயுள் சிறை, தீவு, சங்கிலி. நன்றாகத்தான் இருக்கிறது, பெரியவர்கள் நாவலுக்கு.

இளையோர் கதையில் இருட்டு இருக்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் கடைசியில் நாயகி கையில் ஏதோ ஒன்று மிஞ்ச வேண்டும். அவள் செய்த ஏதோ ஒன்றால் ஏதோ ஒன்று மாற வேண்டும். இல்லாவிட்டால் "அடங்கிக் கிட" என்று சொல்வதற்கு எதற்கு நானூறு பக்கம்?

—

ஏட்டுச்சுவடி எழுதியது:

பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்வு செய்கிறவள் என்ற முறையில் ஒரு நடைமுறை விஷயம். 11ஆம் அத்தியாயத்தில் சைத்தானை வேண்டிச் செய்யும் கருப்புப் பூசைக் காட்சி இப்படியே வந்தால் நான் அலமாரியில் வைக்க யோசிப்பேன்.

அந்தக் குற்றச்சாட்டுகள் வழக்கில் இருந்தன என்பது தெரியும். குழந்தைகளைப் பற்றிய பகுதி மிகக் கொடூரமானது. ஆனால் அவை வாக்குமூலங்களில் வந்தவை, அதிலும் மார்கரித் வாயிலிருந்தும் கிபூர் வாயிலிருந்தும். நாவல் அதை நேரில் நடந்த காட்சியாக, ரத்தமும் மெழுகுவர்த்தியுமாகக் காட்டிவிட்டால் 'நடந்தது' என்று தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. திண்ணைவாசகி கேட்ட கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள். அதையே விசாரணை அறையில், குமாஸ்தா எழுத எழுத, அவள் வாயால் மட்டும் கேட்கட்டும். அவன் பேனா ஒரு இடத்தில் நின்றுவிடட்டும். வாசகருக்குப் புரிந்துவிடும். கொடூரத்தை மறைக்கச் சொல்லவில்லை, அதைச் சொல்வது யார் என்பது தெரிய வேண்டும்.

லா வுவாசனிடம் கருக்கலைப்புக்காக வந்த பெண்களின் பகுதியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அதை யாராவது நீக்கச் சொல்வார்கள். கைவிரலைக்கூட உயர்த்தாமல், யாரையும் குற்றம் சொல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். வேறு வழியில்லாத பெண்கள் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போகிறார்கள். பெரிய வகுப்பு மாணவிகள் படிக்க வேண்டிய பக்கங்கள்.

—

கறுப்புமை எழுதியது:

@இரவுவாசகன், மிஞ்சுவதற்கு ஒன்று இருக்கிறது, அதுவும் நிஜத்திலேயே.

லா ரெய்னி 1709இல் இறந்தார். மோந்தெஸ்பான் சம்பந்தப்பட்ட ஆவணங்கள் ஒரு முத்திரையிட்ட பெட்டியில் இருந்தன. அவர் போனதும் ராஜா அந்தப் பெட்டியை வரவழைத்து எல்லாவற்றையும் எரித்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பார். ஆனால் லா ரெய்னி தன் சொந்தக் குறிப்புகளைத் தனியே வைத்திருந்தார். அவையும் மற்றச் சில தாள்களும் தப்பின. இன்றைக்கு நாம் இந்த இழையில் வாய்கிழியப் பேசுவதே அவற்றால்தான்.

இப்போது ஒரு குமாஸ்தாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மை தீர்ந்த மாதிரி நடிக்கத் தெரிந்தவன். 19ஆம் அத்தியாயத்தில் வேலை இல்லாமல் சும்மா இருப்பவன்…

—

வால்நட்சத்திரம் எழுதியது:

எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

கூடவே ஒன்று: 1680 கடைசியில் ஐரோப்பா முழுக்கத் தெரிந்த ஒரு பெரிய வால்நட்சத்திரம் வந்தது. (என் பெயர்க்காரணம் அதுவல்ல, ஆனாலும் உரிமை கொண்டாடுவேன்.) மன்றம் நிறுத்திவைக்கப்பட்டு, கைதிகள் என்ன ஆகும் என்று தெரியாமல் இருந்த மாதங்கள் அவை. பாரிஸில் எல்லோரும் தலைதூக்கிப் பார்த்து அபசகுனம் என்று பேசியிருப்பார்கள். குறிகாரர்கள் எல்லாம் உள்ளே இருந்ததால் பலன் சொல்லத்தான் ஆளில்லை.

—

இரவுவாசகன் எழுதியது:

சரி, குமாஸ்தா நகல் எடுக்கும் யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. அதற்காகக் கண்ணாடி மண்டபத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று யாரும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம். பழங்கணக்கு சொன்ன சாரம் கட்டிய மண்டபத்தையே வைத்துக்கொள்ளுங்களேன். பாதிச் சுவரில் கண்ணாடி பதித்திருக்கிறது, மீதிச் சுவர் வெறும் செங்கல். அவள் தொடுவது கண்ணாடியை. கடைசியாக அதைப் பிடித்திருந்தவன் யார்? ராஜா இல்லை, அதைச் சுவரில் பொருத்திய தொழிலாளி. அவனுடைய ஏக்கம் அவளுக்குத் தெரிகிறது. மண்டபம் மண்டபமாகவும் இருக்கும், வரலாறும் கோபித்துக்கொள்ளாது.

—

திண்ணைவாசகி எழுதியது:

தம்பி, இதை நீங்கள் ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

—

நீலத்தாள் எழுதியது:

மொத்தத்தையும் இரண்டு முறை படித்தேன். எதற்கு ஒத்துக்கொள்கிறேன், எதற்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

கதவும் காவலரும் போகட்டும். அவை போவதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் இல்லை. மனுவோடு வரிசையில் நிற்கும் காட்சியை எழுதத் தொடங்கிவிட்டேன், அம்மாவுக்கு முன்னால் நிற்கும் கிழவர் ஒருவர் தன் பென்ஷன் பாக்கியைப் பற்றிப் பேசிப் பேசி அவளைக் கொன்றுவிடுகிறார். நஞ்சு அவள் கையில், சாவு இவர் வாயில்.

கருப்புப் பூசை விசாரணை அறைக்குப் போகிறது. ஏட்டுச்சுவடி சொன்னபடி பேனா நிற்கும்.

செங்கல் சுவரும் தொழிலாளியும்: எடுத்துக்கொள்கிறேன், கேட்கவே வேண்டாம். ஆனால் அது உச்சக்காட்சியாக இருக்காது, நடுவில் வரும். உச்சக்காட்சி விசாரணை மேசைதான்.

வயது பதினாறுதான். அதில் மாற்றமில்லை. தீர்மானிக்க வேண்டிய இடத்தில் அவள் தீர்மானிப்பாள், பதினாறில் தீர்மானிப்பதற்கும் இருபதில் தீர்மானிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் எழுத விரும்புகிறேன்.

முடிவு தீவில் நடக்கும். 1709க்கு ஒரு பின்னுரை அத்தியாயம், அதில் வயதான குமாஸ்தா. அவன் நகல் எடுத்தானா இல்லையா என்பதை வாசகருக்குச் சொல்வேன். அவளுக்குத் தெரியுமா என்பதில் இன்னும் குழப்பம். அவளால் பொருளைத் தொட்டால்தான் அறிய முடியும், தீவுக்கு எந்தப் பொருள் போய்ச் சேரும்? யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள். கோட்டைக்குள் வெளியிலிருந்து போகக்கூடியவை என்று நான் எழுதிவைத்திருப்பவை: ரொட்டி, விறகு, போர்வை, பிரார்த்தனைப் புத்தகம்.

—

ஏட்டுச்சுவடி எழுதியது:

பிரார்த்தனைப் புத்தகம் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். போர்வை?

—

வால்நட்சத்திரம் எழுதியது:

போர்வைக்கு என் ஓட்டு. மை கறையோடு. கறை காய்ந்திருக்கட்டும், இருபது வருடப் பழசாக இருக்கட்டும். ஆனால் நீலத்தாள், 1709 வரை அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த மாதிரித் தியாகிகளை இந்த வகை நாவல்களில் போதும் போதும் என்கிற அளவு பார்த்தாயிற்று.